பெரிதாக்கினாலும் தெரியாத கிணறு

ஊரில் எங்கள் நிலத்தின் எஃப்எம்பி, அதாவது புல வரைபடம், தாளில்தான் இருக்கிறது. எல்லைக்கற்களுக்கு நடுவே உள்ள தூரமெல்லாம் மீட்டரில், ஒரு தசம இடம் வரை எழுதியிருக்கும். அதைப் பார்த்து உலாவியில், கேன்வாஸில் வரைந்துவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கேன்வாஸ் மேல் வந்த கோபமும், கடைசியில் வந்த கொஞ்சம் மரியாதையும்தான் இந்தக் குறிப்பு.

நிலம் கிட்டத்தட்ட 180 மீட்டர் நீளம். மேற்கே சித்தப்பா பங்கு, கிழக்கே அப்பா பங்கு, நடுவில் வரப்பு. வரப்பை ஒட்டி ஒரு கிணறு. கோட்டுக்கு மிக நெருக்கமான கிணற்று விளிம்பே 40 சென்டிமீட்டர் எங்கள் பக்கம் தள்ளி இருக்கிறது, டேப் பிடித்து அளந்தேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "படம் போட்டுக் காட்டுடா, பாத்துக்கலாம்" என்றார்.

ஒரு அலகு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஸ்கேல் என்ற கட்டளைக்கு 3 கொடுத்தால் முழு நிலமும் திரையில் அடங்கியது. கிணற்றைக் காட்ட 20 கொடுத்தேன். இங்கேதான் வேடிக்கை. நிலம் பெரிதாகும்போது வரப்புக் கோடும் சேர்ந்து தடித்தது. கோட்டின் தடிமன், அதாவது லைன்விட்த், நான் எதுவும் சொல்லாவிட்டால் 1. அந்த 1 பிக்சல் இல்லை, அலகு. என் கணக்கில் ஒரு மீட்டர்! கோடு மையத்திலிருந்து இரண்டு பக்கமும் அரை மீட்டர் படுத்துக்கொள்கிறது. கிணற்று விளிம்பு 40 சென்டிமீட்டரில், அதாவது கோட்டுக்கு அடியில். 20 மடங்கு பெரிதாக்கினாலும் சரி, 200 மடங்கு பெரிதாக்கினாலும் சரி, மறைந்தது மறைந்ததுதான். மறைந்திருப்பதைப் பார்க்கத்தானே பெரிதாக்குகிறோம்?

முதல் குற்றச்சாட்டு பெயர் மேல். ஸ்கேல் என்றால் படத்தைப் பெரிதாக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அது படத்தைத் தொடுவதே இல்லை. இனிமேல் வரையப்போகும் வரைபடத்தாளின் கட்டங்களை இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே வரைந்தது அப்படியே கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் வட்டத்தை வரைந்துவிட்டு அதன் பிறகு ஸ்கேல் போட்டு, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று முழிப்பது இதனால்தான். கட்டம் இழுபடும்போது பேனா முனையும் இழுபடும். கிடைமட்டத்தில் மட்டும் 3 மடங்கு இழுத்துப் பாருங்கள்: நிற்கும் கோடுகள் மூன்று மடங்கு தடிக்கும், படுத்த கோடுகள் பழையபடியே இருக்கும். லைன்விட்த்தை 1-ன் கீழ் ஸ்கேல் என்று வகுத்துவிடு என்று பல இடங்களில் சொல்லப்படும் வைத்தியம் இந்த இடத்தில் பலிக்காது.

இது யாரோ அசட்டையாகச் செய்த வேலையும் இல்லை. கேன்வாஸை ஆப்பிள் 2004-ல் மேக்கின் டாஷ்போர்டுக்காகக் கொண்டுவந்தது. மேக்கின் குவார்ட்ஸ் வரைகலை பிடிஎஃப்-இன் வழியில் வந்தது, பிடிஎஃப் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வழியில் வந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984. அங்கே வேலை பக்கத்தை அச்சடிப்பது. பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் கோடும் இரண்டு மடங்காகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் படம் சோகையாகத் தெரியும். அச்சுக்கு அது நியாயம். உள்ளே புகுந்து பார்க்க வேண்டிய வரைபடத்துக்கு அது நியாயம் இல்லை.

மரியாதை வந்த இடம் இதுதான். கேன்வாஸில் பாதையின் ஒவ்வொரு புள்ளியும் அதைச் சேர்க்கும் நேரத்தில் இருக்கும் கட்டத்தின்படி இடம் பிடித்துவிடுகிறது. ஆனால் பேனா முனையின் தடிமனை ஸ்ட்ரோக் கொடுக்கும் நேரத்துக் கட்டம்தான் தீர்மானிக்கிறது. இரண்டும் வேறு வேறு நேரம்! அதனால் சேவ் போட்டு, ஸ்கேல் 20 கொடுத்து, பாதையைக் கட்டி, ரெஸ்டோர் போட்டுப் பழைய கட்டத்துக்குத் திரும்பி, அதற்குப் பிறகு ஸ்ட்ரோக் கொடுத்தால் நிலம் 20 மடங்கு, கோடு ஒரே பிக்சல். போஸ்ட்ஸ்கிரிப்டில் இதே வரிசை உதவாது, அங்கே பழைய நிலைக்குத் திரும்பும்போது பாதையும் பழையதாகிவிடும். கேன்வாஸில் சேவ் பாதையைத் தொடுவதில்லை. இவ்வளவு நல்ல வசதியை வரிகளின் வரிசைக்குள் ஒளித்து வைத்திருப்பதுதான் என் வருத்தம். பிறகு வந்த பாத்2டி-யில் இந்த வித்தை நேரடியாக நடக்காது, ஸ்ட்ரோக் நேரத்தில்தான் எல்லாமே இழுபடும். ஆட்பாத் மூலம் அணியைக் கொடுத்து இன்னொரு பாதைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எஸ்விஜி-யில் கோடு தடிக்காதே என்று சொல்ல ஒரே ஒரு பண்பு போதும். அப்புறம் ஏன் எஸ்விஜி-யில் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரு நிலத்துக்கு அதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஊர் முழுக்க வரையும் ஆசை இருந்தது.

இதையாவது பழகிக்கொள்ளலாம். ஒரே ஒழுங்கு இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. கோட்டின் தடிமன் கட்டத்தோடு மாறும், நிழலின் தூரமும் மங்கலும் மாறாது. ஒரு புள்ளி உருவத்துக்குள் இருக்கிறதா என்று கேட்க இஸ்பாயின்ட்இன்பாத் இருக்கிறது. பாதை கட்டத்தின்படி இழுபடும், நாம் கேட்கும் புள்ளி இழுபடாது. இது தெரியாமல், ஸ்கேல் 3-ல் கிணற்றின் மையத்தை மீட்டர் கணக்கில், 91-க்கு 40 என்று கொடுத்துக் கேட்டேன். அது அதை 91-ஆவது பிக்சலாக எடுத்துக்கொண்டது. நிலத்தில் அது 30-ஆவது மீட்டர். பதில்: கிணறு சித்தப்பா பங்கில்! பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, அடித்துச் சொல்லிவிட்டது. நல்லவேளை, அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

எல்லாம் சரிசெய்து போனில் திறந்தால் படம் மங்கல். கேன்வாஸுக்குள் இருக்கும் பிக்சல் எண்ணிக்கை வேறு, சிஎஸ்எஸ் காட்டும் அளவு வேறு என்ற பழைய கதை. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவிடம் காட்டினேன். 20 மடங்கில் வரப்புக் கோட்டுக்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவே 8 பிக்சல் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "கோடெல்லாம் சரிதான்டா. கல்லு நட்ட எடத்துலயே இருக்கா?" என்றார். சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறோம்.