கூத்தரங்கில் உயர்வும் தாழ்வும்

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் தென்னெல்லையை அடுத்து, வண்ணாத்திவில்லு என்னும் ஊர் உளது. வில்லு என்பது அப்பகுதி வழக்கில் இயற்கையாய் அமைந்த நீர்நிலையைக் குறிக்கும். வண்ணாத்தி என்னும் சொல்லோ துணி வெளுக்கும் தொழிலினளை நினைவூட்டுவது. பெரியோர் எனப்பட்டோர் நடந்து வருங்கால் அவர் அடி மண்ணிற் படாவண்ணம் நிலபாவாடை விரித்தல் அத்தொழிலினர்க்கு முன்னாளில் விதிக்கப்பட்ட கடமை. விரித்த துணியை நீக்கிவிடின், நடந்து வருபவன் பெரியோன் என்பது காண்பார்க்கு எங்ஙனம் விளங்கும்? குரலாலும் உடலாலும் உயர்வு தாழ்வை உணர்த்தக் கற்கும் நடிகன் முதற்கண் எண்ண வேண்டிய வினா இதுவேயாம்.

தென்கரையில் அம்பலாங்கொடைப் பகுதியில் வழங்கும் கோலம் என்னும் சிங்கள முகமூடிக் கூத்து இவ்வினாவுக்கு ஒருவாறு விடை தருகின்றது. அரசனும் அரசியும் களத்துக்கு வருமுன் ஏவலரும் காவலரும் வருவர். ஜசயா என்னும் வண்ணானும் லெஞ்சினா என்னும் அவன் மனைவியும் வந்து ஆடுவர். தமிழ்க் கூத்திலும் கட்டியக்காரன் முன்வந்து வரவு கூறிய பின்னரே மன்னன் தோன்றுவான். மன்னன் வாய் திறவாமுன்னரே அவன் பெருமையிற் பாதி பிறரால் ஆக்கப்பட்டுவிடுகின்றது. கட்டியக்காரன் குரல் தளர்ந்து பார்வை சிதறி நிற்பானாயின், பின்வரும் மன்னன் எத்துணை முழங்கினும் பயனில்லை.

இனி, உயர்வு நடிகன் மெய்யில் எங்ஙனம் தோன்றும் என்பதை நோக்குவாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பெருமிதத்துக்கு நிலைக்களன்களாகக் கொண்டவை கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கு. முதுமை, நோய், வருத்தம், மென்மை என்னும் நான்கும் இளிவரலுக்கு உரியன. குடிப்பிறப்பும் செல்வமும் பெருமிதத்தின் காரணங்களுள் எண்ணப்படாமை கருதத்தக்கது. முடியும் மார்புப் பதக்கமும் அணிந்து உரத்துக் கூவினால் அரசனாகிவிடலாம் என்று எண்ணும் கல்லூரி நடிகர் இதனைச் சிறிது சிந்தித்தல் நன்று. அஞ்சாதவன் விரைவதில்லை. பிறர் செவிசாய்ப்பர் என்ற உறுதியுடையவன் குரலை உயர்த்துவதுமில்லை.

மட்டக்களப்பு அண்ணாவிமார் இவ்வுண்மையை ஏட்டால் உணர்த்தாமல் பயிற்சியால் உணர்த்தினர். சட்டம் கொடுத்த நாள்முதல் அரங்கேற்றம் வரை பல திங்கள் பயிற்சி நடைபெறும். வேடத்துக்கேற்பத் தாளக்கட்டு வேறுபடும். தாளக்கட்டுக்கேற்ப அடிவைப்பும் வேறுபடும். மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியில் முகத்தால் மட்டும் நடித்தல் இயலாது. முதுகும் தோளும் பிடரியும் அரசனுக்குரியனவாதல் வேண்டும்.

ஆயினும், வகுத்துவைத்த அடிகளால் மட்டும் எல்லா நிலைகளையும் காட்டிவிடல் கூடுமோ? பாரதக் கதையிற் கர்ணன் தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்தவன். துரியோதனனால் அங்க நாட்டுக்கு அரசனானவன். போர்க்களத்தில் அவன் தேர்மீது நிற்க, மத்திர நாட்டு மன்னனாகிய சல்லியன் அவனுக்குத் தேர் ஓட்டுகின்றான். பாகன் மகன் மேலே, மன்னன் கீழே. சல்லியனாய் ஆடுபவன் கடிவாளத்தைப் பற்றிய கையால் ஏவலையும், நிமிர்ந்த கழுத்தால் மறுப்பையும் ஒருங்கே காட்டல் வேண்டும். கர்ணனாய் ஆடுபவனோ, ஆணையிடுகையிலும் இகழ்ச்சியை எதிர்பார்த்து நிற்பவனாதல் வேண்டும். இவ்விருவருக்கும் இடையே அமைந்த நெருக்கடியைக் காட்டாத ஆட்டம், தாளம் பிழையாதாயினும், கதையைத் தவறவிட்டதாகும்.

1956 இல் எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்கள மரபைத் தழுவி ‘மனமே’யை மேடையேற்றினார். அதன்பின் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1965) முதலியவற்றை அளித்தார். இராவணனாகச் சி. மௌனகுரு ஆடினார். விடியவிடிய ஆடிய கூத்து சில நாழிகைக்குள் அடங்கியது. பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்துக்கு இடம் கிடைத்தது. சுற்றம் ஒவ்வொன்றாய் மடியக் காணும் இராவணன் போன்றோர்க்கு இம்மாற்றம் பெரும்பேறேயாம். ஆனால் ஒருபுறம் மட்டும் அவையினர் அமர்ந்த படச்சட்ட மேடையில் முதுகின் நடிப்புக்கு வேலை குறைந்தது. அம்மேடையைப் பின்பற்றிய பிற்காலப் பள்ளி நாடகங்கள் பேராதனையின் உள்ளப் போராட்டத்தை விடுத்து, முன்நோக்கி நிற்றலை மட்டும் கைக்கொண்டமை வருந்தத்தக்கது.

வேறொரு குறையையும் மறைத்தலாகாது. ஊர்க்கூத்தில் அரச வேடம் யாருக்கு என்பதை ஆட்டத்திறன் மட்டும் முடிவு செய்ததில்லை. குடியும் செல்வாக்கும் அதிற் பங்குகொண்டன. களரியிற் காட்டிய ஏற்றத்தாழ்வு ஊரின் ஏற்றத்தாழ்வுக்குச் சான்றாயிற்று. 1969 இல் மௌனகுரு படைத்த ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தையே உழைக்கும் மக்களின் எழுச்சிக்குக் கருவியாக்கியது. மன்னர்க்கு உரியவாயிருந்த வீறுமிக்க அடிகள் தொழிலாளர் காலிலும் பொருந்துவன என்பதைக் கண்ணாரக் கண்டபின், அவ்வடிகள் ஒரு குலத்தின் உடைமை என எவர் கூறவல்லார்?

ஆதலின் கல்லூரி அரங்குகளுக்கு ஒன்று கூறுவாம். அரசனாய் ஆடும் மாணவன் அதே நாடகத்தைப் பயிலும் காலத்திற் சில நாளேனும் கட்டியக்காரனாய் நிற்கட்டும்; ஏவலன் அரியணையில் அமர்ந்து பார்க்கட்டும். நிமிர்தலும் குனிதலும் கற்றுக்கொள்வன என்பதை அவர் தம் முதுகெலும்பால் அறிவர். அங்ஙனம் அறிந்தவர், மேடைக்கு வெளியே ஒருவன் குனிந்து நிற்கக் காணின், அக்குனிவு அவன் பிறவிக் குணம் என்று ஒருபோதும் எண்ணார்.