பிள்ளை ஒட்டிக்கொண்டதா?

'லயன்' படத்தை, ஒரு மகன் தன் தாயைத் தேடிக் கண்டடைந்த கதையாகவே எல்லோரும் பேசினோம். கார்த் டேவிஸ் இயக்கி 2016இல் வெளிவந்து, ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற படம். உண்மைக் கதை. 1986இல் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் சரூ, நின்றிருந்த ரயிலில் ஏறித் தூங்கிப்போய், மொழி புரியாத கல்கத்தாவில் வந்து இறங்குகிறான். தெருவிலும் விடுதியிலும் நாட்கள் போகின்றன. அடுத்த ஆண்டு, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள ஹோபார்ட் நகரில் வாழும் சூ, ஜான் பிரியர்லி தம்பதியர் அவனைத் தத்தெடுக்கிறார்கள். வளர்ந்த பிறகு கூகுள் எர்த்தில் ரயில் பாதைகளைத் துழாவித் துழாவித் தன் ஊரைக் கண்டுபிடித்து, 2012இல் அவர் பெற்ற தாயைச் சந்திக்கிறார்.

அந்தத் தேடலுக்கு முன்னால் வரும் பகுதியைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விவரம் தெரிந்த வயதில் கடல் கடந்து தத்துப்போகும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையை ஏற்கும் பெண்ணுக்கும் இடையில் ஒட்டுதல் எப்படி உண்டாகிறது? அதற்காக யார் எதைக் கொடுக்கிறார்கள்? தத்தெடுத்த பெண்ணிடம் நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வியே "பிள்ளை ஒட்டிக்கிச்சா?" என்பதுதான். அதற்கு இந்தப் படம் பாதி பதில் சொல்கிறது. மீதிப் பாதி படத்தொகுப்பு மேசையில் நின்றுவிட்டது.

தத்து என்றதும் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு நினைவுக்கு வருவது 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதில் அமுதா கைக்குழந்தையாக வந்தவள். ஒன்பது வயதில் உண்மை சொல்லப்படும்போது இந்திராவுக்கும் அவளுக்கும் இடையிலான உறவு ஏற்கெனவே வேர்விட்டு நிற்கிறது. உண்மை அந்த உறவை என்ன செய்யும் என்பதே அங்கே கேள்வி. 'லயன்' படத்தின் சரூவுக்கோ உண்மையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல் சுமக்கும் அம்மா, கூடவே திரிந்த அண்ணன் குட்டு, தங்கை எல்லாரையும் அவன் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறான். ஓர் அம்மா இருக்கும் இடத்தில் இன்னோர் அம்மா வந்து உட்கார வேண்டும். கைக்குழந்தையைத் தத்தெடுப்பதிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான்.

விமான நிலையத்தில் கோலா பொம்மையுடன் நிற்கும் சூ, முதன்முதலாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கும் சிறுவன் என்று ஹோபார்ட் காட்சிகள் மென்மையாகத் தொடங்குகின்றன. அவற்றில் குளியல் தொட்டிக் காட்சி முக்கியமானது. தொட்டியில் இருக்கும் சரூவிடம் சூ பேசுகிறாள். உனக்கு எளிதாக இருந்திருக்காது என்று தெரியும், ஒருநாள் எல்லாவற்றையும் நீ என்னிடம் சொல்வாய், நான் எப்போதும் கேட்பேன் என்கிறாள். நிக்கோல் கிட்மன் இதை மிகையில்லாமல் செய்திருக்கிறார். அவள் ஆங்கிலத்தில் பேசுகிறாள், பையனுக்கு ஆங்கிலம் வராது. அவன் குரலைத்தான் கேட்கிறான். தாலாட்டில் குழந்தைக்குச் சொற்கள் தேவைப்படாததைப் போலத்தான் இதுவும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வாக்குறுதிக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்வதற்கு அவனுக்கு ஆங்கிலம் வரும் நாளில், நடந்தவை எந்த மொழியில் நடந்தனவோ அந்த மொழி போயிருக்கும். கொரியாவில் பிறந்து, 3 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையில் பிரான்ஸுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. அவர்களால் கொரிய வாக்கியங்களை மற்ற அந்நிய மொழி வாக்கியங்களிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. எட்டு வயதுவரை பேசிய மொழிகூட அப்படி அடங்கிப்போக முடியும். சரூவுக்கும் இந்தி போய்விட்டது. பெற்ற தாயைக் கண்டபோது இடையில் மொழிபெயர்ப்பவர் ஒருவர் வேண்டியிருந்தது. வயது வந்த பிள்ளையின் ஒட்டுதலுக்கு முதல் விலை தாய்மொழி. அதைக் கொடுப்பது பிள்ளை.

இந்த இடத்தில் சூ செய்த ஒரு காரியத்தை சரூ 2013இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் சொல்கிறார். பையனுக்கு ஓரளவு ஆங்கிலம் வந்ததும் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். வீடு எங்கே, ஆறு எங்கே, ரயில் நிலையம் எங்கே என்று இருவருமாக ஒரு வரைபடம் போட்டார்கள். அவனுடைய அறைச் சுவரில் இந்தியாவின் வரைபடம் தொங்கியது. மறதி வந்து மூடுவதற்கு முன் அவனுடைய பழைய அம்மாவின் தெருவைத் தன் நோட்டில் பத்திரப்படுத்திய அந்த வேலையைத்தான் நான் ஒட்டுதல் என்பேன். 'இனி நான்தான் உன் அம்மா' என்று சொல்வதைவிட இதற்கு நெஞ்சுரம் வேண்டும். படம் 20 ஆண்டுகளை ஒரே வெட்டில் தாண்டும்போது இந்த நோட்டையும் தாண்டிவிடுகிறது. சிறுவன் மறைந்து, கடலுக்குள்ளிருந்து இளைஞன் எழுகிறான். பள்ளிக்கூடம், இரவு பயங்கள், மொழி மாறிய மாதங்கள் எதுவும் இல்லை. நடுவில் ஒரு பெண் செய்த அத்தனையும் 'அன்பு' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டது. சமையலும் துவையலும் கண்ணுக்குத் தெரியாமல் போவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இதுவும் அந்த வரிசையில் சேர வேண்டியது.

அந்த வெட்டுக்குச் சற்று முன்னால் வருபவன் மந்தோஷ், இரண்டாவது பிள்ளை. (படத்தில் வரும் கதாபாத்திரத்தை மட்டுமே பேசுகிறேன்.) அவன் வந்த அன்றே தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான். ஜான் அவனைப் பிடித்து அமைதிப்படுத்தப் பார்க்கிறார். அழுதுகொண்டிருக்கும் சூவின் அருகில் வந்து சரூ கண்ணீரைத் துடைக்கிறான். பார்ப்பவர்களின் மனம் சரூவுக்காக உருகும் இடம் இது. எனக்கு உறுத்தும் இடமும் இதுவே. வந்து ஓராண்டு ஆகியிருக்கும் ஒரு பையன் அம்மாவைத் தேற்றும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான். நல்ல பிள்ளை என்பது அந்த நொடியில் முடிவாகிவிடுகிறது. மற்றவன் கெட்ட பிள்ளை ஆகாமல் வேறு வழியில்லை.

வளர்ந்த பிறகும் மந்தோஷ் அப்படியே காட்டப்படுகிறான். தாமதமாக வருபவன், விருந்தைக் குலைப்பவன், போதையில் கிடப்பவன். அம்மாவைத் துன்புறுத்துகிறான் என்பதே அவன்மீது சரூவின் குற்றச்சாட்டு. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்பது நம் வழக்கு. தத்தெடுத்தவளுக்கு அந்தப் 'பித்து' உண்டென்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தத்துப்பிள்ளைக்கு மட்டும் 'கல்லு' தவறாமல் கிடைக்கிறது. இத்தனைக்கும் கல்கத்தா விடுதியில் இரவில் ஒரு சிறுவனை வெளியே கொண்டுபோகும் காட்சியை இதே படம்தான் நமக்குக் காட்டுகிறது. பிள்ளைகளின் உடம்பு எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் என்று படத்துக்குத் தெரியும். ஆனாலும் மந்தோஷின் அடிகளை அவன் பேசும் மொழியாகக் கேட்காமல், சூவின் முகத்தில் விழும் நிழலாகவே காட்டுகிறது.

சூவும் இதில் தப்பவில்லை. 1951இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயின் இடைவிடாத அன்பையே குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படையாக வைத்தது. பிள்ளையிடம் எந்தக் கோணல் தெரிந்தாலும் தாயை விசாரிக்கும் பழக்கத்துக்கு அது வசதியாகப் போனது என்று பெண்ணியவாதிகள் அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். இந்தப் படத்திலும் ஒரு பிள்ளை ஒட்டியதற்கும் இன்னொரு பிள்ளை ஒட்டாததற்கும் கணக்குச் சொல்வது சூவின் முகம்தான். ஜான் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் தளர்ந்து, இளைத்து, படுக்கையில் கிடப்பவள் சூ. தந்தையோடு பிள்ளை ஒட்டியதா என்று படம் கேட்கவே இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் படத்தின் ஆகச் சிறந்த உரையாடல் இருக்கிறது. உங்களுக்கென்று பிள்ளைகள் பிறக்காமல் போனதற்கு வருந்துகிறேன், நாங்கள் வெற்றுத்தாள்களாக வரவில்லை, எங்கள் கடந்த காலத்தையும் சேர்த்தே தத்தெடுத்துவிட்டீர்கள் என்ற பொருளில் சரூ பேசுகிறான். சூ திருத்துகிறாள். பெற்றிருக்க முடியும், பெற வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம், உங்கள் இருவரையும் விரும்பியே எடுத்தோம் என்கிறாள். குழந்தையில்லாத பெண்ணை இன்றும் 'மலடி' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லும் ஊரில், கோயில் குளம் சுற்றி, செயற்கைக் கருவூட்டல் மையங்களின் படியேறி இறங்கி, எல்லாம் கைவிட்ட பிறகு கடைசி நிறுத்தமாகத் தத்தெடுப்புக்கு வரும் ஊரில், ஒரு பெண் இப்படிச் சொல்வதைக் கேட்பது பெரிய விஷயம். அதே பேச்சில் அவள் தன் பன்னிரண்டு வயதில் கண்ட ஒரு காட்சியையும் சொல்கிறாள். பழுப்பு நிறப் பிள்ளை ஒன்று தன்னை நோக்கி வருவதாகக் கண்டாளாம். என்னால் முழுதாக மகிழ முடியாத இடம் அது. அவளுடைய கனவுக்கு விடையாக வந்து சேர்வதற்காக, கண்ட்வாவில் ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்திருக்க வேண்டுமே.

'வெற்றுத்தாள்' என்ற ஆசை தனிமனிதர்களின் ஆசை மட்டும் இல்லை. நாடுகடந்த தத்தெடுப்புக்கு நெறிமுறை வகுத்த 1984ஆம் ஆண்டின் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்குத் தீர்ப்பில், கூடியவரை 3 வயது முடிவதற்குள் குழந்தை தத்துப்போவது நல்லது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. விவரம் தெரிவதற்கு முன் போனால் புதிய சூழலில் கலப்பது எளிது என்பது காரணம். அக்கறையான காரணம்தான். ஆனால் அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகளும் விடுதிகளில் இருந்தார்கள், இருக்கிறார்கள். இங்கே தத்தெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தையையே கேட்பதால், வளர்ந்த பிள்ளைகளில் பலர் கடல் கடக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையின் வயதையும் புரிதலையும் பொறுத்து அதன் விருப்பத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. படத்தின் விடுதியிலோ சரூவுக்கு மேசையில் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லித்தருகிறார்கள். உன் அம்மாவின் நினைவை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க அங்கே ஆளில்லை.

வளர்ந்த சரூ தன் தேடலை சூவிடம் நெடுநாள் மறைக்கிறான். தெரிந்தால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயப்படுகிறான். கடைசியில் தெரிந்தபோது அவள் உடையவில்லை. அவனைப் பெற்றவள் அவனைப் பார்க்க வேண்டும், எவ்வளவு அழகான பிள்ளை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்கிறாள். இரண்டு தாய்களும் பிள்ளையின் இரு கைகளைப் பிடித்து இழுப்பார்கள் என்ற பழைய கதையை அவள் ஒரு நொடியில் முடித்துவைக்கிறாள். ஒட்டுதல் என்றால் பழையதை அறுத்துவிட்டு வருவது என்ற எண்ணம் சரூவுக்கு எங்கிருந்து வந்தது? சூ சொல்லித்தந்ததாகப் படத்தில் எங்கும் இல்லை. தத்துப்பிள்ளை நன்றியோடு இருக்க வேண்டும் என்று ஊரும் உலகமும் கற்றுத்தந்தது அது.

படம் உண்மையான சூவும் உண்மையான பெற்ற தாயும் கட்டிக்கொள்ளும் காணொளியோடு முடிகிறது. இருவருக்கும் பொதுமொழி கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சை அடைக்கும் காட்சி. மாணவிகளோடு இந்தப் படத்தைப் பார்க்கும் ஆசிரியைகள் அந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். மந்தோஷைப் பெற்றவள் யார்? அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவளைத் தேடும் வரைபடமும் இல்லை. அவளைப் பற்றி இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒட்டாத பிள்ளை என்று நாம் தள்ளிவைத்தவனிடம் யாராவது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்களா என்பது படம் முடிந்த பிறகும் நமக்குத் தெரிவதில்லை.