புவெப்லோ மட்கலங்களின் ஓவியக் கோலங்கள்: மரபும் தனித்துவமும்

முன்னுரை

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் வாழும் தொல்குடியினர் பலர் புவெப்லோ மக்கள் என்னும் பொதுப்பெயரால் சுட்டப்படுகின்றனர். ஊர் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. சூனி, ஆக்கமா, ஹோப்பி முதலியோர் இவருள் அடங்குவர். இவர்தம் மட்கலங்களில் தீட்டப்பெற்ற கோலங்களை ஆராய்ந்தோருள் பலர், ‘இக்கோலத்தின் பொருள் யாது?’ என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டனர். அவ்வினா மட்டும் போதுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கலமும் கோலமும்

இக்கலங்கள் சக்கரத்தில் வனையப்படுவன அல்ல. களிமண்ணைக் கயிறுபோல் உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, கையால் இழைத்து உருவாக்குவர். இப்பணியைப் பெரிதும் பெண்களே செய்து வந்தனர். சூனியிலும் ஆக்கமாவிலும் உடைந்த பழங்கலங்களின் ஓடுகளைப் பொடித்துப் புதுக்களிமண்ணோடு கலப்பர். சுடும்போது கலம் வெடிக்காதிருக்க இஃது உதவும். யுக்கா இலையின் நுனியை மென்று நாராக்கினால் அதுவே தூரிகை. மாதிரி வரைபடம் எதுவுமின்றிக் கோலம் முழுவதையும் மனத்தில் வகுத்துக்கொண்டு, கலத்தின் பரப்பை விரலால் அளந்து தீட்டுவர்.

பொருள் தேடிய ஆய்வுகள்

1879இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சார்பில் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையிலான குழு சூனிக்குச் சென்று, பெருந்தொகையான கலங்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு அனுப்பியது. அக்குழுவில் சென்ற ஃபிராங்க் ஹாமில்டன் கஷிங் 1884 வரை சூனி மக்களிடையே தங்கினார். கலத்தைச் சுற்றி வரையப்படும் கோடு முற்றிலும் மூடப்படாமல் ஓரிடத்தில் சிறு இடைவெளி விடப்படுவதை அவர் கவனித்தார். அது கலத்தின் உயிர் வெளியேறும் வழி என்ற விளக்கத்தையும் பதிவுசெய்தார். பின்வந்தோர் பலர் இத்தகைய விளக்கங்களை ஓர் அகராதிபோல் தொகுக்க விழைந்தனர்.

ஃபிரான்ஸ் போவாஸின் மாணவியாகிய ரூத் பன்செல் 1929இல் வெளியிட்ட ‘புவெப்லோ குயவர்’ என்னும் நூல் வேறு பாதையில் சென்றது. அவர் குயத்தியரிடமே தொழில் பயின்று, கோலம் எவ்வாறு பிறக்கிறது என வினவினார். பிறர் கோலத்தைத் தாம் பார்த்து வரைவதில்லை என்றனர் அவர்கள். சில கோலங்கள் கனவில் தோன்றியவை என்றும் கூறினர். ஆயினும் புறத்தார் கண்ணுக்கு அக்கலங்கள் ஒரு குறுகிய மரபெல்லைக்குள் அடங்கியவையாகவே தோன்றுகின்றன.

இதனை முரண் எனக் கொள்ளவேண்டியதில்லை. வெண்பா இலக்கணம் ஒன்றே. எனினும் இரு புலவர் பாடிய வெண்பாக்கள் ஒன்றாகிவிடுவதில்லை. மரபு இங்குப் படைப்பிற்குத் தடையன்று. படைப்பு நிகழும் களமே அதுதான். படைப்பவரின் மனத்தை ஆய்வின் மையத்தில் வைத்தமையே பன்செல் நூலின் வலிமை எனலாம். அதன் துணைத்தலைப்பு இதனை ‘ஆதிநிலைக் கலை’ என வகைப்படுத்துவது அக்காலப் பார்வையின் குறையாகும்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் கருதவேண்டும். சமயச் செய்திகளை வெளியார்க்கு உரையாமை புவெப்லோ மக்களின் நெடுநாள் வழக்கம். எனவே, ‘இஃது அழகுக்காக வரைந்தது’ என்று ஒரு குயத்தி விடையளித்தால், கோலத்திற்குப் பொருளே இல்லை என ஆய்வாளர் முடிவுகட்டுதல் பொருந்தாது. சொல்லாதிருப்பதும் அவருடைய உரிமையாகும்.

நம்பேயோவும் பெருமைக்குரியோரும்

படைப்புரிமை பற்றிய வினா நம்பேயோவிடம் கூர்மையடைகிறது. ஹானோ என்னும் ஊரில் வாழ்ந்து 1942இல் மறைந்த இவர், பாழடைந்த சிக்யாட்கி ஊரின் பழைய ஓடுகளைக் கூர்ந்து நோக்கி, அக்கோலங்களுக்குப் புத்துயிர் அளித்தார். 1895இல் அங்கு அகழாய்வு நடத்திய ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸாலேயே இம்மறுமலர்ச்சி தோன்றியது என்ற கூற்று நெடுங்காலம் வழங்கியது. அகழாய்வுக்கு முன்பே நம்பேயோ பழங்கோலங்களைக் கையாண்டு வந்தார் எனப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அவர் படிகளை மட்டும் எடுத்தவரல்லர். பழைய உறுப்புகளைப் புதிய பரப்பில் புதிய அளவில் அமைத்தவர். மண்ணைத் தோண்டியவருக்குப் பெருமையை அளித்து, மண்ணை வனைந்தவரை மறைத்த இப்போக்கு திறனாய்வின் பிழையே ஆகும்.

முடிவுரை

2022இல் சான்டா ஃபேயில் தொடங்கி, 2023இல் நியூயார்க் சென்ற கண்காட்சி ஒன்றில், 21 சமூகங்களைச் சேர்ந்த 60 பேர் அளவிலானோர் தாமே கலங்களைத் தேர்ந்து, தாமே விளக்கம் எழுதினர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் பேசிவந்த பொருளைப் பற்றி உரியோரே பேசிய நிகழ்வு இது. கோலத்தின் பொருளை வினவுமுன், அதனை வரைந்த கை யாருடையது, அதைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்குரியது என வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போதே இக்கலங்களை அரும்பொருள்களாக மட்டுமன்றிக் கலைப்படைப்புகளாகவும் நாம் காண்கிறோம்.