பாளைக் கத்தி

கள்ளைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் மண்ணுக்குப் போகும். கிள்ளான்காரர் தம் கடலோரச் சேற்றைச் சொல்வார், பினாங்குக்காரர் தீவுக் காற்றைச் சொல்வார். மண் முடிந்தால் மரம்: நெட்டையா, குட்டையா, 1970களில் வந்த மாவா ஒட்டுரகமா? மலாக்காக்காரர்களான நாங்களும் செர்க்காம், உம்பாய், தஞ்சோங் கிளிங் கரையோரத் தென்னைகளை இலேசில் விட்டுக்கொடுப்பதில்லை. மண்ணும் மரமும் பொருட்டில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கள்ளின் ருசி பாதிக்கு மேல் பாளையின் வெட்டுமுனையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதைப் பேச ஆளில்லாமல் போய்விட்டதே என்பதுதான் என் குறை.

செர்க்காம் பக்கம் ஒரு பெரியவர் இன்னும் கள் இறக்குகிறார். அவர் வேலையைக் கீழே நின்று பார்ப்பதற்காகவே விடியலில் ஜாசினிலிருந்து கிளம்பிப் போவேன். விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் தட்டிக்கொண்டே வருவார். அவசரக்காரர்கள் நாலைந்து நாளில் முனையை அரிந்து கலயத்தை மாட்டிவிடுவார்கள். இவர் பாளை இளகி, தட்டும் சத்தம் மந்தமாகும்வரை கத்தியை எடுக்கமாட்டார். எடுத்தபின் காலையில் ஒரு சீவல், மாலையில் ஒரு சீவல். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும், மிஞ்சினால் இரண்டு. கீழே விழுந்த சீவலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். அந்தக் கணக்கில் ஒரே பாளையை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோவார். கையில் கனம் உள்ளவர்களுக்கு அதே பாளை பாதி நாளில் தீர்ந்துபோகும்.

கத்தி அகன்ற அலகு கொண்டது. ஒவ்வொரு மரத்திலும் ஏறுமுன் பலகையில் வெள்ளைக்கல் தூளைத் தூவித் தீட்டுவார். முந்திய மரத்தில் நன்றாகத்தானே வெட்டியது என்று கேட்டால் பதில் வராது, தீட்டுவது மட்டும் நடக்கும். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் பாளைக்குள்ளேயே இருக்கிறது. சாறு வருவது நுண்குழாய்கள் வழியாக. மொக்கைக் கத்தி அந்தக் குழாய்களை அறுக்காமல் நசுக்கிவிடும். நசுங்கிய வாய் அடைபடும், சாறு முனையிலேயே தேங்கிக் கறுக்கும், கலயத்தில் விழும் முன்பே புளிப்பு குடியேறிவிடும். அப்படி வந்த கள்ளில் நாக்கின் இரு ஓரத்திலும் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். கூரிய வெட்டில் இறங்கிய கள்ளில் அது இராது. தித்திப்பிலிருந்து புளிப்புக்கு நாக்கு தடங்கலில்லாமல் போய்ச் சேரும். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு குவளையை நீட்டினாலும் எது எந்தக் கத்தி என்று சொல்லிவிடுவேன்.

ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு காலத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை, மரம் சீவுவதே அவர்கள் வேலை. மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் ஆள் மலாக்காவின் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிதாக விரித்தார். அவருக்கு ஊக்கம் கொடுத்த சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லிதான், பழைய வெட்டையே மெல்லச் சீவிச் சீவித் திறந்தால் மரம் சாகாமல் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று கண்டுசொன்னவர். ரிட்லியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊரில் தென்னையோ பனையோ ஏறிய எந்த மரமேறிக்கும் அது பாட்டன் காலத்துப் பாடம். ரப்பரிலும் பாளையிலும் வேலை ஒன்றே: நேற்றைய காயத்தை இன்று மெல்லிசாகப் புதுப்பிப்பது.

அதனால்தான் தோட்டத்துக் கள்ளுக்கடையில் உட்கார்ந்தவர்கள் வேறெந்த ஊர்க் குடிகாரர்களையும்விடக் கறாரான ரசிகர்களாக இருந்தார்கள். விடியலில் உளியோடு நிரைக்குப் போய், பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவி, மரத்தில் காயம் பட்டால் மண்டோரிடம் ஏச்சு வாங்கிய கைகள் அவை. என் அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு குவளையைக் கீழே வைப்பார். "இன்னிக்கு வெட்டு சரியில்லப்பா, ஆளு மாறிட்டானா?" என்று கடைக்காரரைக் கேட்பார். ஆள் மாறித்தான் இருப்பான். காரம் போதவில்லை, தண்ணீர் ஜாஸ்தி என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். வெட்டைச் சொல்லும் நாக்கை நான் தோட்டத்தில் மட்டுமே கண்டேன்.

நேரம் பற்றிய சண்டை வேறு இருக்கிறது. அன்று தோட்டத்துக் கடைகள் திறப்பது பெரும்பாலும் வேலை முடிந்த பிற்பகலில், சாயங்காலத்தில். ஆகவே எங்கள் ஆட்களில் ஒரு பெரிய கூட்டம் முற்றிய புளிப்பையே கள் என்று பழகிவிட்டது. என் சித்தப்பா அந்தக் கட்சி. நண்பகலுக்கு முன் குடிப்பதெல்லாம் பிள்ளைகள் குடிக்கிற பானம் என்பார். எதிர்ப்பக்கம் பகல் கலயத்துக் கள்ளை இறக்கிய கையோடு கேட்கிறவர்கள், தித்திப்புக்காரர்கள். என் கட்சி இரண்டும் இல்லை. மாலையில் மாட்டி, இரவெல்லாம் மரத்திலேயே தொங்கி, விடியலில் இறங்குகிற கலயம்தான் எனக்கு வேண்டும். அதையும் பதினோரு மணிக்குள் குடித்துவிட வேண்டும்.

காரணம் இதுதான். பாளைச் சாறு சொட்டும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு சர்க்கரை. கலயத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈஸ்டும், காற்றில் வருவதும், சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் சில நிமிடங்களிலேயே அதில் வேலையைத் தொடங்கிவிடும். இரவுக் கலயத்தில் ஒரு பங்கு நேற்று அந்தியில் சொட்டியது. அது நன்றாகப் பொங்கி, சர்க்கரை குறைந்து, புளிப்பு ஏறியிருக்கும். இன்னொரு பங்கு கோழி கூவும் நேரத்தில் விழுந்தது, இன்னும் தித்திப்பு மாறாதது. ஒரு ராத்திரியின் எல்லா வயதும் ஒரே கலயத்தில் கலந்து கிடக்கிறது. ஒரு மிடறில் பதநீரின் இனிப்பு, ஈஸ்ட்டின் மாவு மணம், மோர்ப் புளிப்பு, மூக்கைக் குத்தும் சிறு காரம் எல்லாம் வரிசை மாறி மாறி வருவது அதனால்தான். சாராயச் சத்து நூற்றுக்கு நாலைந்துதான் இருக்கும். பதினோரு மணி தாண்டினால் வெயில் எல்லா வயதையும் ஒன்றாக்கிவிடும். சித்தப்பா விரும்பிக் குடித்தது அந்த ஒன்றான கள்ளை. மறுநாள் அது காடிதான்.

இந்த நேரக் கணக்கை எனக்கு மறுபடி நினைவூட்டியவன் என் அக்கா மகன். சிங்கப்பூரில் வேலை, ஹாப்ஸ் பூ தூக்கலான பேல் ஏல் பீர்தான் அவனுக்கு உயிர். வரும்போதெல்லாம் ஐஸ் போட்டு இரண்டு கேன் கொண்டுவருவான். முதல் தடவை உடைக்கும் முன், "மாமா, அடியில இருக்கிற தேதியைப் பாருங்க" என்று திருப்பிக் காட்டினான். இந்த நாட்டுச் சந்தையில் பீர் என்றால் லாகரும் ஸ்டவுட்டும்தான் என்று வளர்ந்தவன் நான். பீருக்கும் தேதி பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. குவளையை மூக்கருகே கொண்டுபோனால் பம்ளிமாஸ் தோலைக் கிள்ளிய மணம், அதன் பின்னால் மாங்காய்க் காம்பில் கசியும் பாலின் வாசம். ஹாப்ஸ் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் மிர்சீன் மாங்காயிலும் உண்டென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், மூக்கு பொய் சொல்லவில்லை. 1980இல் கலிபோர்னியாவின் சியெரா நெவாடா ஆலை, கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸை வாரிப் போட்டுக் காய்ச்சிய பேல் ஏலிலிருந்து இந்த ரசனை பரவியது என்பான். அந்த மணம் சில வாரங்களில் மங்கிவிடும், வெயிலில் கிடந்தால் அதைவிடச் சீக்கிரம் போய்விடும், பிறகு மிஞ்சுவது நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். இங்கே குளிர்ப்பெட்டி இல்லாத அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் கேனை வாங்கிக் குடித்துவிட்டுப் பேல் ஏல் கசக்கிறது என்று சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம்.

அவனோடு எனக்கு வாதம் கசப்பில்தான். கசப்பு வந்து உட்கார்ந்ததும் நாக்கு அதைத் தாண்டி எதையும் தேடுவதில்லை. இரண்டாவது மிடறு முதலாவதைத்தான் திருப்பிச் சொல்கிறது. கேனை அடைத்த நாளில் அந்தப் பானம் நின்றுவிட்டது, அதற்குப் பிறகு தேய்வு மட்டுமே. கள் குவளையிலும் நடந்துகொண்டிருக்கிறது. அவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கசப்புக்கு அடியில் மால்ட் இனிப்பு இருக்கிறது, பொறுமையாகக் குடியுங்கள் மாமா என்கிறான். குடித்துப் பார்க்கிறேன். அவனைச் செர்க்காமுக்கு அழைத்துப்போனபோது பெரியவர் கத்தி தீட்டுவதைக் கைபேசியில் நெடுநேரம் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சகிக்க முடியாதவர்கள் ஸ்டவுட் கலப்பவர்கள்தான். கள்ளில் கருப்பு ஸ்டவுட்டை ஊற்றிக் குடிப்பது நம் ஆட்களிடம் பழைய பழக்கம். உடம்புக்கு வலு என்பார்கள். வறுத்த பார்லியின் கரிந்த சுவை பாளையின் மணம் முழுவதையும் விழுங்கிவிடும். கெட்ட கள்ளை அப்படிக் குடிக்கலாம், நல்லதில் ஊற்றக் கை வரக் கூடாது. ஐஸ்கட்டியும் அப்படித்தான். குளிரில் நாக்கு மரத்துப்போனால் துவர்ப்பு தெரியாது என்பது விற்கிறவருக்குத் தெரியும்.

இன்று கடைகளில் கிடைப்பதில் பாதிக்கு அந்த உதவி தேவைப்படுகிறது. நேற்றைய மிச்சத்தில் சீனித் தண்ணீரைக் கலந்து, வாங்கிய ஈஸ்ட்டைத் தூவி, பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துக் கொடுக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. அதில் இனிப்பு ஓரிடத்தில் நிற்கும், புளிப்பு வேறிடத்தில் நிற்கும், இரண்டும் கடைசிவரை சேராது. நுரை பெரிய குமிழ்களாக எழும்பி உடனே அடங்கிவிடும். நல்ல கள்ளின் நுரை பொடிப்பொடியாக விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், காதருகே வைத்தால் சிற்றொலி கேட்கும். ஊர் மணக்க விற்கும் குலா மலாக்காவுக்கும் இதே கதிதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காமல் இறக்கிய அதே பாளைச் சாற்றைக் காய்ச்சி மூங்கில் குழலில் ஊற்றிய வெல்லம் அது. இப்போது வெறும் கரும்புச் சீனியைக் கலந்து கறுப்பாக்கி விற்கிறவர்கள் ஏராளம். மலாக்கா பெயரைத் தாங்கிய பண்டத்தில்கூடப் பாளை இல்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

கள்ளுக்கடை தோட்டத்துக்குச் செய்த கெடுதலை மறைத்துவிட்டு ரசனை பேச எனக்கு மனம் வராது. வெள்ளைக்காரன் காலத்தில் கூலியைக் கொடுத்த கையாலேயே கடையும் நடத்தி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை கடை வாசலில் மறியல் செய்து அடிபட்டது. என் அம்மா அந்தக் கடை இருந்த பாதையிலேயே நடக்கமாட்டார், லயத்துக்குச் சுற்றித்தான் போவார். அவர் கோபம் முழுக்க நியாயமானது. கள் ஒதுங்கிய இடத்தில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் வந்து உட்கார்ந்ததும், அது பலரைக் கொண்டுபோனதும் அவரும் பார்த்த கதை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் விற்கத் தடை, 2003 முதல் அரசே டாஸ்மாக் கடை வைத்துப் பிராந்தி விற்கிறது. மரமேறியின் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஆலைச் சரக்கைக் கையில் கொடுப்பதை மதுவிலக்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கம் கத்தியைப் பிடுங்கியது செம்பனை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் சீவுகிற கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. தோட்டங்கள் துண்டாகி ஜனங்கள் அடுக்குமாடிக்குப் போனபின் கடையும் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதே செம்பனையில் கள் இறக்கிக் குடிக்கிறார்கள். இங்கே அதைக் குலை தள்ளும் மரமாக மட்டுமே பார்க்கிறோம். முனியாண்டிக்குப் படையல் வைக்க நல்ல கள் தேடி நகரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்களைச் செர்க்காமில் பார்க்கிறேன். ஒருவரும் பாளையை நிமிர்ந்து பார்ப்பதில்லை, போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பெரியவரின் பிள்ளைகள் மரம் ஏறுவதில்லை. கத்தி தீட்டக் கற்றுக்கொள்ள ஒரு மியன்மார் இளைஞன் கொஞ்ச காலம் வந்தான், கை நன்றாக இருந்தது, பெர்மிட் முடிந்து போய்விட்டான்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் தோட்டத்துக்காரர்கள் காட்டுப்பன்றிப் பிரட்டலைத் தவிர வேறெதையும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். மிளகும் பட்டையும் தூக்கிய கறி சாயங்காலப் புளிப்புக்கு ஈடு கொடுக்கும், காலைக் கள்ளை அடித்துப்போட்டுவிடும். இரவுக் கலயத்துக்கு ஏற்றது எங்கள் கடற்கரையின் கெராகாவ் பொடி இறாலில் செய்யும் சிஞ்சாலோக்தான். அதுவும் புளித்துப் பக்குவமான பண்டம், உப்பு மட்டும் கூடுதல். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, முட்டையில் அடித்துத் தோசைக்கல்லில் ஊற்றி எடுத்தால் போதும். பழக்கத்தில் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்துவிட வேண்டாம், அந்தப் புளிப்பு குவளையிலேயே இருக்கிறது.