மேலாதிக்கம்: இசைவும் வற்புறுத்தலும்

ஒரு நாடோ வகுப்போ மற்றவர்களை வலிமையால் மட்டும் அடக்காமல், அவர்களுடைய இசைவையும் பெற்று வழிநடத்தும் நிலை மேலாதிக்கம் எனப்படும். இன்றைய எழுத்தில் இச்சொல் பல நேரம் 'ஆதிக்கம்' என்பதற்கு மாற்றாகவே வருகிறது. இரண்டும் ஒன்றானால் இக்கருத்தாக்கமே தேவையில்லை. அடங்கியிருப்பவர் உண்மையிலேயே இசைந்தாரா, வேறு வழியின்றி இருக்கிறாரா என்பதே மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சொல்லின் தோற்றம்

'எகெமோனியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தலைமை என்று பொருள். கி.மு. 478-இல் பாரசீகரை எதிர்ப்பதற்காக ஏதென்சின் தலைமையில் கிரேக்க நகர அரசுகள் டீலியக் கூட்டணியை அமைத்தன. பின்னர் நாக்சோசுத் தீவு விலக முயன்றபோது ஏதென்சு அதை முற்றுகையிட்டுப் பணியவைத்தது. கி.மு. 454-இல் கூட்டணியின் கருவூலமும் டீலோசுத் தீவிலிருந்து ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு தலைமை படிப்படியாகப் பேரரசாக மாறியது.

சமூகத்தில் மேலாதிக்கம்

இக்கருத்துக்கு இன்றைய பொருளைத் தந்தவர் இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி (1891–1937). முசோலினி ஆட்சியில் 1926-இல் கைதான அவர், சிறையில் குறிப்பேடுகளை எழுதினார். 1917-இல் உருசியாவில் வென்ற புரட்சி மேற்கு ஐரோப்பாவில் ஏன் வெல்லவில்லை என்பது அவர் ஆராய்ந்த கேள்விகளுள் ஒன்று. அங்கு காவல்துறையும் நீதிமன்றமும் மட்டும் ஆளும் வகுப்பைத் தாங்கவில்லை. பள்ளி, திருச்சபை, செய்தித்தாள் ஆகியவையும் தாங்கின. இவற்றின் வழியாக ஆளுவோரின் பார்வை எல்லோருடைய பொதுப்புத்தியாகிவிடுகிறது என்றார். இசைவு தளரும்போது வற்புறுத்தல் வெளிப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு, ஜேம்ஸ் ஸ்காட் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில் தங்கி அவர் அதை மேற்கொண்டார். ஏழை உழவர்கள் செல்வர் முன் பணிவாக நடந்தாலும், பின்னால் அவர்களை ஏளனம் செய்தனர். வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தனர். ஆகவே வெளியில் தெரியும் அமைதியை இசைவு என்று எண்ணிவிடக் கூடாது.

பன்னாட்டு உறவுகளில்

பொருளியலாளர் சார்லஸ் கிண்டில்பெர்கர் 1930-களின் பெருமந்தம் பற்றி 1973-இல் ஒரு நூல் எழுதினார். தலைமை தாங்கப் பிரித்தானியாவுக்கு வலுவில்லை, அமெரிக்காவுக்கு விருப்பமில்லை; அதனால்தான் மந்தம் நீண்டது என்பது அவர் வாதம். வல்லரசு ஒன்று தலைமை ஏற்றால் உலகப் பொருளாதாரம் நிலைபெறும் என்ற கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது. 1980-களில் ராபர்ட் காக்ஸ் கிராம்சியின் கருத்தைப் பன்னாட்டு உறவுகளுக்குப் பொருத்தினார்.

திறனாய்வு

நிலைபெறுதல் கோட்பாட்டின் குறை, அது மேலிருந்து பார்ப்பது. தலைமை என்ன தருகிறது என்று கணக்கிடும் அளவுக்கு, மற்றவர்கள் அதை ஏற்றார்களா என்று அது கேட்பதில்லை. இசைவை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: விலக நினைக்கும் உறுப்பினருக்கு என்ன நேர்கிறது?

1956 நவம்பர் 1-இல் அங்கேரி வார்சா உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. நவம்பர் 4-இல் சோவியத் பீரங்கி வண்டிகள் புடாபெஸ்டில் பெருந்தாக்குதல் தொடங்கின. 1966-இல் டி கோல் பிரான்சை நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து விலக்கி, அயல்நாட்டுப் படைகளை வெளியேறச் சொன்னார். அமெரிக்கப் படைகள் வெளியேறின. முதலாவது ஆதிக்கம், இரண்டாவது மேலாதிக்கத்துக்கு நெருக்கமானது.

ஆனால் அமெரிக்கத் தலைமை முழுவதும் இசைவால் ஆனது என்று இதனால் முடிவு செய்யக் கூடாது. 1954-இல் நிலச் சீர்திருத்தம் செய்த குவாத்தமாலாவின் ஆர்பென்சு அரசை அதே அமெரிக்கா தன் உளவு அமைப்பின் துணையோடு கவிழ்த்தது. பிரான்சுக்குக் கிடைத்த மதிப்பு அச்சிறிய நாட்டுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வல்லரசு ஒருவரிடம் இசைவை நாடுகிறது. இன்னொருவரிடம் வலிமையைக் காட்டுகிறது.

எனவே ஒரு நாட்டை 'மேலாதிக்க நாடு' என்று பொதுவாகச் சொல்வது போதாது. யார் மீது, எந்தத் துறையில், விலகினால் என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இச்சொல் ஆய்வுக்குப் பயன்படும்.