நாவும் நெஞ்சும்: தமிழ்க் கிறித்தவ இறைவேண்டலில் பழக்கமும் பொருளுணர்வும்

முன்னுரை

ஜோர்ஜ்டவுன் நகரில் ஒரு நாளின் பொழுதுகளை வழிபாட்டைக் கொண்டே அளந்துவிடலாம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலின் மணியொலியும் ஒரே வட்டாரத்தில் கேட்பவை. 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் ஆலயமும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. பினாங்குச் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கரோடு நெடுங்காலத் தொடர்புடைய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் அமைந்துள்ளது. எனினும் தமிழ்க் கிறித்தவரின் அன்றாட வேண்டுதல் பெரும்பாலும் ஆலயத்தில் நிகழ்வதன்று. காலையில் எழுந்ததும், உணவு கொள்ளுமுன்னும், இரவில் படுக்கைக்குச் செல்லுமுன்னும் வீட்டுக்குள்ளேயே நிகழ்வது அது.

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்வோர் 'தேம்பாவணி'யையும் 'இரட்சணிய யாத்திரிக'த்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். காப்பியங்களைப் படித்தோர் சிலர்; வேண்டுதல் உரைகளைச் சொல்லியோரோ பலர். நாள்தோறும் பல தலைமுறையினர் நாவில் பயின்றுவந்த அவ்வுரைகள் இலக்கியத் திறனாய்வின் கவனத்தை அந்த அளவுக்குப் பெறவில்லை. நாள்தோறும் சொல்லப்படும் சொல் பொருளை இழந்துவிடுகிறதா, பொருளுக்கு இட்டுச்செல்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இயேசு கற்பித்ததாக நற்செய்தி நூல்கள் கூறும் வேண்டுதலை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

மனனமும் விளக்கமும்

இவ்வினா தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. 1554இல் லிசுபனில் அச்சான 'கார்த்தில்யா' என்னும் சிறுநூல், தமிழ் வேண்டுதல்களை உரோமன் எழுத்தில் போர்த்துகீசியப் பொருளோடு தந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழியொன்றின் எழுத்தில் அமைந்த, இன்று கிடைக்கும் அச்சு நூல்களுள் காலத்தால் முற்பட்டது. அண்டிரிக் அடிகளார் உருவாக்கிய அந்நூல் பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் மனனம் செய்வதற்குரிய வேண்டுதல்களும் கட்டளைகளும் ஆகும். தமிழ் எழுத்து அச்சேறியது அன்றாட வேண்டுதலின் பொருட்டே என்று கூறின் அது மிகையாகாது.

அடுத்த ஆண்டிலேயே, 1579இல், கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இது அளவில் பன்மடங்கு பெரியது. ஆசிரியர் வினவ மாணாக்கர் விடை கூறும் முறையில் அமைந்தது. முதல் நூல் சொல்லத் தருகிறது. இரண்டாம் நூல் சொன்னதன் பொருளைக் கேட்கிறது. ஓராண்டு இடைவெளியில் ஒரே ஆசிரியரிடமிருந்து வந்த இவ்விரு நூல்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். மனனம் மட்டும் போதும் என்னும் கருத்து அவருக்கு இருந்திருப்பின் இரண்டாம் நூலுக்குத் தேவை எழுந்திராது. மனனமே வேண்டா என்று கருதியிருப்பின் முதல் நூல் தோன்றியிராது.

இதற்கும் முந்திய சான்று பிரான்சிஸ் சவேரியாரின் மடல்களில் உள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர் தமிழ் அறியாதவர். இருமொழி அறிந்தோர் துணையால் வேண்டுதல்களைத் தமிழாக்கித் தாமே மனனம் செய்து சிறுவர்க்குக் கற்பித்தார். ஆனால் 1544இல் மன்சிலாசு என்னும் உடனுழைப்பாளருக்கு எழுதிய மடலில் ஒரு சொல்லைத் திருத்தச் சொல்கிறார். நம்பிக்கை அறிக்கையில் 'வேணும்' என்னும் சொல் வழங்கிவந்தது. அது விருப்பத்தையே குறிக்கும். நம்புகிறேன் என்னும் பொருளைத் தராது. ஆகவே 'விசுவாசம்' என்னும் சொல்லை அவ்விடத்தில் ஆளுமாறு அவர் அறிவுறுத்துகிறார். தமிழ்க் கிறித்தவ வேண்டுதல் பற்றிய மிகப் பழைய திறனாய்வுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். பிழையான சொல் ஊர் முழுவதும் பழகிய பின்னரே அதன் பிழை புலப்பட்டது. பழக்கம் முந்தியது, பொருளுணர்வு பின்வந்து பழக்கத்தைத் திருத்தியது.

அவரே 1545இல் மலாக்காவுக்கு வந்தபின் மலாய் மொழியிலும் வேண்டுதல்களைப் பெயர்க்க முயன்றார் என்பதை அவர்தம் மடல் தெரிவிக்கிறது. இன்று பினாங்கில் அருகருகே ஒலிக்கும் தமிழ், மலாய் வேண்டுதல் மரபுகள் இரண்டின் தொடக்கத்திலும் ஒருவரே உழைத்துள்ளார் என்பது எண்ணத்தக்கது.

சொற்கள் உணர்த்தும் பொருள்

வேண்டுதலின் பொருளை அறிதல் என்பது சமயக் கொள்கையை மட்டும் அறிதல் அன்று. முதற்கண் அதன் சொற்களை அறிதலாகும். நான்கு சொற்களை இங்கு நோக்குவோம்.

முதலாவது 'எங்கள்'. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நம்' வேறு, உளப்படுத்தாத 'எங்கள்' வேறு. வேண்டுதல் கடவுளை நோக்கிச் சொல்லப்படுவதால் 'எங்கள்' என்பதே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் காட்டும் தனிச் சொற்கள் இல்லை. மலாய் மொழியிலோ 'காமி', 'கித்தா' என்னும் இரு சொற்கள் உள்ளன. மலாய் வேண்டுதலும் 'காமி' என்பதையே ஆள்கிறது. இரு மொழியும் அறிந்த பினாங்கு மாணவர்க்கு இவ்வொப்பீடு ஒன்றே ஒரு பாடமாகும். மேலும், தனியறையில் ஒருவர் மட்டும் இருந்து வேண்டினாலும் 'என்' என்று சொல்வதில்லை. 'எங்கள்' என்றே சொல்கிறார். தனிமையிலும் அவர் ஒரு கூட்டத்தின் குரலாகவே பேசுகிறார்.

இரண்டாவது 'நீர்'. 'நீ' என்னும் நெருக்கத்திற்கும் 'நீங்கள்' என்னும் மதிப்பிற்கும் இடைப்பட்ட இச்சொல்லும், இதனோடு இயையும் 'உமது', 'தாரும்' முதலிய வடிவங்களும் மலேசியத் தமிழரின் வீட்டுப் பேச்சில் அரிதாகிவிட்டன. சைவ, வைணவப் பாசுரங்கள் இறைவனைப் பலவிடத்தும் 'நீ' என அழைக்க, கிறித்தவ வேண்டுதல் 'நீர்' என்பதைத் தனக்குரியதாக்கிக் கொண்டது. ஒரு சிறுவர் இவ்வடிவங்களை வேண்டுதலில் மட்டுமே கேட்டு வளர்ந்தால், அவை மனிதரோடு பேசுவதற்குரியவை அல்ல என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

மூன்றாவது, உணவுக்கு முன்வரும் அடைமொழி. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் 'வேண்டிய' என்கிறது. கத்தோலிக்க வழக்கு 'அனுதின' என்கிறது. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' மத்தேயு நற்செய்தியில் 'தேவையான' என்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மூலத்திலேயே உள்ளது. 'எபியூசியோஸ்' என்னும் அக்கிரேக்கச் சொல் வேறு நூல்களில் ஏறத்தாழக் காணப்படாதது. இலத்தீனில் அதனைப் பெயர்த்த ஜெரோமே மத்தேயுவில் இயற்கைப் பொருளினும் மேம்பட்டது என்னும் பொருள்படவும், லூக்காவில் நாள்தோறும் உரியது என்னும் பொருள்படவும் இருவகையாகப் பெயர்த்தார். ஆக, நாள்தோறும் வேண்டச் சொல்லும் உரையில் 'நாள்தோறும்' என்னும் பொருளே ஆய்வுக்குரியதாய் நிற்கிறது. எப்பொருளைக் கொண்டாலும் கேட்கப்படுவது இன்றைக்குரியதே. ஆண்டு முழுமைக்கும் ஒருங்கே கேட்டுவிட இயலாமையால் வேண்டுதல் நாளையும் தொடர்ந்தாக வேண்டும். வேண்டுதல் நாட்பழக்கமாதற்கான காரணம் அதன் சொல்லுக்குள்ளேயே பொதிந்துள்ளது எனலாம்.

நான்காவது 'கடன்'. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் கடனையே குறிக்கிறது. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் அதனை அவ்வாறே காக்க, 'திருவிவிலியம்' 'குற்றம்' என விளக்கிப் பெயர்க்கிறது. பின்னது எளிதில் விளங்குகிறது. முன்னது ஆழமாகத் தைக்கிறது. செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் முன்பணக் கடனால் கட்டுண்டு உழைத்த தமிழர்க்கு, 1910இல் நீக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையின் காலத்தில், கடன் என்பது உருவகமன்று. கழுத்தை நெரிக்கும் உண்மை. கடனை மன்னிக்குமாறு வேண்டிய ஒருவர் தாமும் பிறர் கடனை மன்னிப்பதாகச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் கடன் கடமையையும் குறிக்கும். இத்தனை பொருளடுக்குகளும் 'குற்றம்' என்னும் தெளிந்த சொல்லில் இடம்பெறவில்லை. தெளிவுக்காக நாம் எதனை இழக்கிறோம் என்பதை மொழிபெயர்ப்புத் திறனாய்வு கணக்கிட்டுக் காட்டுதல் வேண்டும்.

பழக்கத்தின் இயல்பு

மனனம் செய்த வேண்டுதல் வெறும் உதட்டசைவே; உள்ளத்திலிருந்து அவ்வப்போது எழும் சொற்களே மெய்யான வேண்டுதல் என்று வாதிடுவோர் உளர். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை அவர்கள் சான்று காட்டுவர். சொற்களை வீணே அடுக்கி வேண்டலாகாது என்று அங்குக் கூறப்படுவது உண்மையே. ஆயின் அவ்வறிவுரையை அடுத்தே, சொல்வதற்கென வரையறுத்த ஒரு வேண்டுதல் கற்பிக்கப்படுகிறது. இவ்வமைப்பு கருதத்தக்கது. விலக்கப்படுவது மீண்டும் சொல்லுதல் அன்று, பொருளற்றுச் சொல்லுதலே. தொடக்கக் காலக் கிறித்தவ நூலாகிய 'திதாக்கே' இவ்வேண்டுதலை நாளொன்றுக்கு மும்முறை சொல்லுமாறு பணிக்கிறது. கத்தோலிக்கரின் மூவேளைச் செபமும் சீர்திருத்தச் சபையாரின் குடும்ப ஜெபமும் நாளைப் பகுத்துப் பழக்கமாக்கும் இம்முறையோடு ஒத்துச் செல்பவை.

பழக்கத்தின் பயன் வேறோரிடத்திலும் தெரிகிறது. துன்பம் மிகும்போது மனிதர்க்குச் சொந்தச் சொற்கள் எழுவதில்லை. நோயிலும் இறப்பிலும் துணைநிற்பவை முன்பே பழகிய சொற்களே. நாள்தோறும் சொல்லி வைத்தது, சொல்ல இயலாத நாளுக்கான சேமிப்பு ஆகிறது. தன்னெழுச்சியான வேண்டுதலையே வற்புறுத்துவோர் இதனைப் போதிய அளவு கருதவில்லை என்பது எம் கருத்து.

அதே வேளையில் மனனத்தைப் போற்றுவோரின் குறையையும் சுட்டுதல் வேண்டும். ஒலி பழகிவிட்டால் பொருள் தானே விளங்கும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வாறு விளங்குவதில்லை. சைவ மரபில் சிவபுராணத்தை நிறைவு செய்யும் மாணிக்கவாசகர், ஓதுவதோடு அமையாமல் பொருளை உணர்ந்து ஓதுதலை வலியுறுத்துகிறார். நாள்தோறும் ஓதும் நூலே தன்னை ஓதுவோரிடம் இதனைக் கேட்கிறது. தமிழ் வழிபாட்டு மரபு பழக்கத்தையும் பொருளுணர்வையும் எதிரெதிராக நிறுத்தியதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

பினாங்குச் சூழலும் தமிழாசிரியர் பணியும்

1808இல் பினாங்கில் நிலைகொண்ட பொதுக் குருமடத்தின் காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டின் பொதுமொழி இலத்தீன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழிகளுக்கு வழிதிறந்தது. மக்கள் தம் மொழியில் பொருளுணர்ந்து பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்று சூழல் மாறியுள்ளது. தாய்மொழி வழிபாடு உண்டு. அம்மொழியைப் படிக்கத் தெரியாத தாய்மொழியினரும் உளர். தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ பயிலும் தமிழ்ச் சிறார் சிலர்க்கு வேண்டுதலை உரோமன் எழுத்தில் எழுதித்தர நேர்கிறது. 1554இல் தமிழெழுத்து அறியாத அயலார்க்குப் பயன்பட்ட முறை, இன்று தமிழர் பிள்ளைகளுக்கே பயன்படுகிறது. அந்நூலில் சொல்லோடு பொருளும் அச்சிடப்பட்டிருந்தது. இன்றைய தாளில் பல வேளை ஒலி மட்டுமே உள்ளது.

இந்நிலை இரு திசைகளில் செல்லக்கூடும். பொருளறியாத ஒலி சலிப்பைத் தரும்; சலிப்புற்ற தலைமுறை அதனைக் கைவிட்டு ஆங்கிலத்திற்கோ மலாய்க்கோ மாறும். வேண்டுதல் எம்மொழியிலும் வேண்டுதலே. அதனால் சமயத்திற்கு இழப்பில்லை என்று கூறலாம். தமிழுக்கு இழப்புண்டு. வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் செந்தமிழ் அச்சில வரிகளே என்னும் குடும்பங்களில், அவை நின்றுவிட்டால் எழுத்துத் தமிழின் கடைசி இழையும் அறும். மாறாக, அவ்வரிகளைப் பொருளுணர்வோடு பற்றிக்கொண்டால் அங்கிருந்தே தமிழைக் கற்பிக்கத் தொடங்கலாம்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் கற்பிக்கும் முறை இதற்கு முன்மாதிரியாகிறது. ஆத்திசூடியையும் திருக்குறளையும் மாணவர் மனனம் செய்கின்றனர்; உடன் பொருளும் கற்கின்றனர். மனனம் செய்ததன் பொருள் வயதோடு விரிகிறது. வேண்டுதலையும் அவ்வாறே அணுகலாம். குடும்பம் நாள்தோறும் ஒரு குறித்த பொழுதில், சில நிமிடங்களே ஆயினும், தவறாமல் கூடுவது முதற்படி. முழு உரையையும் ஒருநாளில் விளக்க முயலாமல் வாரத்திற்கு ஒரு சொல்லை எடுத்து, 'எங்கள்' ஏன் 'நம்' ஆகவில்லை என்பதுபோல் ஒரு வினா எழுப்புவது அடுத்த படி. தமிழ், மலாய், ஆங்கில வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது மூன்றாவது. சமயப் பணியாளர் செய்யத்தக்க இதில் தமிழாசிரியரின் துணை இன்றியமையாதது. நீர், உமது, தாரும் ஆகியவற்றின் இலக்கணத்தை விளக்க வல்லவர் அவரே.

முடிவுரை

வேண்டுதலில் பழக்கம் உடலெனின் பொருளுணர்வு உயிராகும். 1578ஆம் ஆண்டு நூலும் 1579ஆம் ஆண்டு நூலும் சேர்ந்தே தமிழ்க் கிறித்தவ வேண்டுதல் மரபைத் தொடங்கிவைத்தன. காலப்போக்கில் முதல் நூலின் பணியை வீடுகள் காத்தன; வினாவும் விடையுமாகிய இரண்டாம் நூலின் பணி பல வீடுகளில் நின்றுபோயிற்று. அதனை மீட்பது சமயத்தாரின் கடன் மட்டுமன்று. தமிழ் கற்பிப்போரின் கடனுமாகும். பினாங்கில் ஒரு சிறுமி இன்றிரவு தமிழில் 'எங்கள்' என்று வேண்டத் தொடங்கும்போது, அச்சொல்லில் தான் யாரோடு சேர்ந்து நிற்கிறாள் என்பதை அவள் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவளுக்கு அறிவிக்க ஒரு தமிழாசிரியர் அருகிருந்தால் போதும்.