குறுங்காணொளி நகைச்சுவையில் எள்ளலும் மடனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. 2020இல் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபின் ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் பெருகிய தமிழ்க் குறுநாடகங்கள் பெரிதும் எள்ளலையே நம்புகின்றன. இதற்குக் காலச்சுருக்கம் ஒரு காரணம். கொண்டது விடாமையே மடன் என்பர் உரையாசிரியர். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியின் நகை அவ்வகையது; செந்தில் ஒரே விடையை விடாது சொல்லச் சொல்லக் கவுண்டமணியின் பொறுமை படிப்படியாகக் குலைகிறது. அதற்கு நேரம் வேண்டும். ஒரு நிமிடப் பனுவலுக்கோ கண்டவுடன் அடையாளம் தெரியும் மாந்தர் வேண்டும்: தலையில் துண்டைப் போர்த்தினால் அம்மா.

எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல். ஒருவரே எல்லா வேடங்களையும் ஏற்கும் இவ்வடிவில் இரண்டும் ஓருடலிலேயே நிகழலாம். அவ்வாய்ப்பு பெரும்பாலும் வீணாகிறது. தலைவலி முதல் வேலையின்மைவரை யாவற்றுக்கும் கைப்பேசியையே பழிக்கும் அம்மா, எள்ளப்பட்டதும் காட்சியிலிருந்து வெட்டப்படுகிறாள். இறுதி அண்மைக்காட்சி மகனின் முகத்துக்குரியது. வட்டார வழக்கையே நகைப்பொருளாக்கும் பனுவல்களில் இக்குறை இன்னும் கடுமையானது. அம்மா திருப்பி நகுமாறு ஒரு வரி கூடுதலாக எழுதப்பட்ட சில பனுவல்களில் மட்டுமே துண்டுக்கு அடியில் ஒரு மாந்தர் தென்படுகிறார்.